வீட்டு வைஃபையின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?

வைஃபையை யாரோ திருடுகிறார்கள் என்று சந்தேகம் வந்ததும், கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கும் ஹேக்கர்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் நடப்பது அதைவிடச் சாதாரணமான விஷயம். ஊரடங்கு சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காக மேல்வீட்டுப் பையனுக்குச் சொன்ன பாஸ்வேர்ட் இன்றுவரை மாறியிருக்காது. பொங்கலுக்கு வந்த சித்தப்பா குடும்பத்தில் ஐந்து போன்களில் அது ஏறியிருக்கும். அந்த ஐந்தில் ஒன்றை அவர்கள் விற்றும் இருப்பார்கள்.

ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து இது இன்னும் சுலபம். உங்கள் வைஃபையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் எந்தப் போனிலும் வைஃபை பக்கத்தில் 'ஷேர்' என்பதைத் தொட்டால் க்யூஆர் கட்டம் வந்துவிடும். பல போன்களில் கட்டத்துக்குக் கீழேயே பாஸ்வேர்ட் எழுத்தெழுத்தாகத் தெரியும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கட்டத்துக்குள் பாஸ்வேர்ட் எந்த மறைப்பும் இல்லாமல்தான் இருக்கிறது. எந்த ஸ்கேனரும் படித்துச் சொல்லிவிடும். ஐபோனிலும் 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் சேமித்த வைஃபை பாஸ்வேர்டைத் திறந்து பார்க்கலாம். போதாக்குறைக்கு, போன் பேக்கப்பில் வைஃபை பாஸ்வேர்டும் சேர்ந்து போகிறது. விருந்தாளி புதுப் போன் வாங்கினால், உங்கள் வீட்டுச் சாவியும் கேட்காமலே அதற்கு மாறிவிடும். வைஃபை பாஸ்வேர்டுகளைப் பலரிடமிருந்தும் சேர்த்து வரைபடத்தில் காட்டும் ஆப்களும் இருக்கின்றன. அவற்றில் யாராவது ஒருவர் ஏற்றிவிட்டால் தெருவுக்கே தெரிந்த மாதிரி.

ஆக, பாதுகாப்பு என்று உட்கார்ந்தால் முதல் கேள்வி இது: எத்தனை நகல் வெளியே போயிருந்தாலும் வீட்டுக்குள் பாதிப்பு வராதபடி எப்படி அமைப்பது? கீழே உள்ளதெல்லாம் அதற்கான வேலைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஒரு லேப்டாப், ஒரு லேன் கேபிள், ஒரு தாள், பேனா.

அதற்கு முன் ஒரு வார்த்தை. 'நெட் ஸ்லோவாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்தான் இழுக்கிறார்' என்பது பெரும்பாலும் தப்பான சந்தேகம். இப்போதைய ஃபைபர் பிளான்கள் பலவற்றில் மாதத்துக்கு 3,300 ஜிபி வரை வேகம் குறையாது. ஒருவர் இரண்டு படம் பார்த்தால் அது தெரியவே தெரியாது. மாலையில் வேகம் குறைவதற்கு, அதே அடுக்குமாடியில் முப்பது ரூட்டர்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று கத்திக்கொண்டிருப்பது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு. வைஃபைக்குள் வந்தவர் உங்கள் சிசிடிவி பதிவுப் பெட்டி (டிவிஆர்), பிரிண்டர், கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டர் எல்லாவற்றோடும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பவர். அடுத்தது, அவர் இணையத்தில் எதைச் செய்தாலும் வெளியே தெரிவது உங்கள் பெயரில் உள்ள இணைப்பு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் ஐபி முகவரியை, அதாவது அது கிளம்பிய இணைய இணைப்பின் எண்ணைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் ஒரு வெளிநாட்டவரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போதும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியே இதே கதை நடந்தது.

உள்ளே யார் இருக்கிறார்கள்

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்க அதன் முகவரி வேண்டும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பது வழக்கம், ஜியோஃபைபரில் 192.168.29.1. எது என்று தெரியாவிட்டால், விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைத் தட்டுங்கள். 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் இருப்பதுதான் அந்த முகவரி. ஆண்ட்ராய்டில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டாலும் 'கேட்வே' என்று காட்டும். பிரவுசர் 'இது பாதுகாப்பான பக்கம் அல்ல' என்று பயமுறுத்தும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டி என்பதால் இந்த ஓர் இடத்தில் தாண்டிப் போகலாம்.

உள்ளே 'கனெக்டட் டிவைசஸ்' அல்லது 'டிஹெச்சிபி கிளையன்ட்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். இதில் இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். டிஹெச்சிபி (கருவிகளுக்கு ரூட்டர் முகவரி கொடுக்கும் முறை) பட்டியலில் இருப்பதெல்லாம் இப்போது இணைந்திருக்கும் கருவிகள் என்று நினைக்கக் கூடாது. முகவரியை ரூட்டர் பல மணி நேரத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறது. பெரும்பாலும் 24 மணி நேரம். நேற்று வந்து போன கொரியர் தம்பியின் போன்கூட இன்று பட்டியலில் நிற்கும். 'வயர்லெஸ் கிளையன்ட்ஸ்' என்ற தனிப் பட்டியல் இருந்தால் அதைப் பாருங்கள், அதில் இருப்பவைதான் இந்த நிமிடம் காற்றில் இருப்பவை.

இன்னொன்று பெயர்கள். 'எஸ்பிரெசிஃப்' என்று ஏதோ ரஷ்ய உளவாளி போல ஒரு பெயர் வந்தால் பதற வேண்டாம்; அது ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்புகளுக்குள் இருக்கும் சிப்பைத் தயாரிக்கும் கம்பெனி. ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் முகவரியின் முதல் மூன்று ஜோடி எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும். ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியை உருவாக்கிக் காட்டுகின்றன. கண்டுபிடிப்பது எளிது: முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது போன் தானாகப் போட்டுக்கொண்ட முகவரி. தயாரிப்பாளரைத் தேடி நேரத்தை வீணடிக்க வேண்டாம்.

தெரியாத கருவி எது என்று கண்டுபிடிக்க வீட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக அணையுங்கள்: போன்கள், டிவி, செட்டாப் பாக்ஸ், பிரிண்டர், இன்வெர்ட்டரில் செருகிய வைஃபை டாங்கிள், வாஷிங் மெஷின். அணைக்க அணைக்கப் பட்டியலில் இருந்து அடித்துக்கொண்டே வாருங்கள். எல்லாம் அணைத்த பிறகும் மிச்சம் நிற்பது வெளியாள். இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பாஸ்வேர்டை மாற்றும்போது எதையெல்லாம் மறுபடி இணைக்க வேண்டும் என்பதற்கும் இதுவே பட்டியல்.

இரண்டு பெட்டி வீடுகள்

மிக அதிகமாகக் கண்ணில் படாமல் போகும் ஓட்டை இது. ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியின் சிக்னல் பெட்ரூமுக்கு எட்டவில்லை என்று இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து நல்ல ரூட்டர் வாங்குவார்கள். அதற்குப் பெரிய பாஸ்வேர்டும் வைப்பார்கள். ஆனால் கம்பெனிப் பெட்டியின் வைஃபை, ஸ்டிக்கரில் அச்சடித்த அதே பாஸ்வேர்டோடு ஓடிக்கொண்டே இருக்கும். முன்வாசலில் திண்டுக்கல் பூட்டு, கொல்லைக்கதவு திறந்து கிடக்கிறது.

கம்பெனிப் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் 2.4, 5 இரண்டு அலைவரிசைகளிலும் வயர்லெஸ்ஸை அணைத்துவிடுங்கள். சில பெட்டிகளின் பக்கவாட்டில் 'டபிள்யூலேன்' என்று பொத்தானே இருக்கும். பக்கத்திலேயே 'டபிள்யூபிஎஸ்' பொத்தானும் இருக்கும் (அது என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்), பார்த்து அழுத்தவும். அணைத்த பிறகு போனில் வைஃபை பட்டியலைத் திறந்து, அந்தப் பெயர் உண்மையாகவே மறைந்ததா என்று பாருங்கள்.

பழைய எக்ஸ்டெண்டர், ரிப்பீட்டர் இருந்தால் அதுவும் இதே கணக்கு. ரூட்டரில் பாஸ்வேர்டை மாற்றியதும் எக்ஸ்டெண்டரால் அதனோடு பேச முடியாது. தன் பழைய பெயரை மட்டும் பரப்பிக்கொண்டிருக்கும். அதற்கும் நிர்வாகப் பாஸ்வேர்ட் தனியாக உண்டு. பயன்படுத்தவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே நல்லது. பட்டியலில் 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயர்கள் தெரிந்தால் அது உங்கள் பிரிண்டரோ டிவியோ தனியாக விரித்த கடை. அந்தந்தக் கருவியின் செட்டிங்ஸில் 'வைஃபை டைரக்ட்' அணைக்க வேண்டும்.

டபிள்யூபிஎஸ்: முதலில் அணைக்க வேண்டியது

ஐந்தே நிமிடம்தான் இருக்கிறது என்றால் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். பாஸ்வேர்டுக்குப் பதில் 8 இலக்கப் பின் எண்ணைக் கொடுத்தும் இணையலாம் என்று வந்த வசதி டபிள்யூபிஎஸ். 8 இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்றுதான் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. அதைவிட மோசம், முதல் நான்கு சரியா தப்பா என்று ரூட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. அப்போது முதல் பாதிக்கு 10,000, அடுத்த பாதிக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சிகள்தான். ஸ்டெஃபான் ஃபீபெக் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். சில மணி நேர வேலை. 2014-இல், சில சிப்களில் பின்னுக்கான ரகசிய எண்கள் சரியாகக் குலுக்கப்படவில்லை என்று தெரிந்தபோது சில விநாடிகளாகவே சுருங்கிவிட்டது.

பின் தெரிந்தவருக்கு ரூட்டர் தானே பாஸ்வேர்டை எடுத்துக் கொடுக்கும். 63 எழுத்தில் பாஸ்வேர்ட் வைத்தாலும் கொடுக்கும். நாளை மாற்றினால் நாளைக்குப் புதியதையும் கொடுக்கும். அதனால்தான் பாஸ்வேர்டைத் தொடும் முன்பே இதை அணைக்கச் சொல்கிறேன். பொத்தானை அழுத்தி 2 நிமிடத்துக்குள் இணைக்கும் முறை அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் ரூட்டர் கூடத்தில் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது என்றால் அதையும் சேர்த்தே அணையுங்கள். மிகப் பழைய ரூட்டர்கள் சிலவற்றில் பக்கத்தில் 'அணைந்தது' என்று காட்டினாலும் உள்ளே ஓடும். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றில் உங்கள் பெயருக்கு நேரே 'டபிள்யூபிஎஸ்' என்ற எழுத்து இன்னும் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், அந்த ரூட்டரின் காலம் முடிந்தது.

எந்தப் பூட்டு

பாதுகாப்பு முறையில் ஐந்தாறு பெயர்கள் கிடக்கும். டபிள்யூஇபி 1997-இல் வந்து 2001-இலேயே உடைந்தது. 2007-க்குப் பிறகு அதை உடைக்க ஒரு நிமிடம்கூட வேண்டாம். டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையை எங்கே பார்த்தாலும் தொடாதீர்கள். பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, டிகேஐபி அல்லது டபிள்யூஇபி போட்டால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும், ஏனென்றால் அதற்குமேல் போகும் புதிய முறைகள் அவற்றோடு சேர்ந்து இயங்கக் கூடாது என்பது விதி. 300 எம்பிபிஎஸ் பிளான் வாங்கியும் 20 வருகிறது என்று புலம்புகிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறை பார்க்கலாம்.

வேண்டியது டபிள்யூபிஏ2 பர்சனல், அதில் ஏஇஎஸ் குறியாக்கம் மட்டும். ரூட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பழைய டிவி, பிரிண்டர், ஸ்மார்ட் பிளக் எல்லாம் அதில் சேராது. பலரும் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு' என்று வைத்துவிடுகிறார்கள். அது வேலை செய்யும், ஆனால் உடைக்க நினைப்பவர் பழைய கதவையே தட்டுவார், ஆகவே டபிள்யூபிஏ3-யின் பலன் முழுதாகக் கிடைக்காது. வீட்டார் போன், லேப்டாப்புக்கு டபிள்யூபிஏ3 மட்டும், மற்றவற்றுக்குக் கீழே சொல்லும் கெஸ்ட் வைஃபையில் (அதே ரூட்டர் விருந்தாளிகளுக்காகத் தனிப் பெயரில் பரப்பும் வைஃபை) டபிள்யூபிஏ2 என்று பிரிப்பது சுத்தமான வழி. ரூட்டருக்கும் கருவிக்கும் இடையே போகும் கட்டுப்பாட்டுச் செய்திகளைப் பாதுகாக்க 'பிஎம்எஃப்' என்று ஒரு தேர்வு இருக்கும். டபிள்யூபிஏ2-வில் அதை 'கேப்பபிள்' என்று வையுங்கள். 'ரிக்வயர்ட்' என்று வைத்தால் பழைய கருவிகள் காரணம் சொல்லாமல் விழும்.

பாஸ்வேர்டின் கணக்கு

டபிள்யூபிஏ2-வில் ஒரு போன் ரூட்டரோடு கைகுலுக்கும் அந்தச் சில பாக்கெட்டுகளை வெளியே நின்று பிடித்துக்கொள்ளலாம். 2018 முதல், போன் ஏதும் இணையாமலே ரூட்டரிடமிருந்து மட்டுமே தேவையானதை வாங்கும் வழியும் உண்டு. பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போய் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். ரூட்டருக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு முயற்சியும் மெதுவாக ஆகட்டும் என்று 4,096 முறை கலக்கும் கணக்கு உள்ளே இருக்கிறது. அப்படியும் இன்றைய விலையுயர்ந்த கேமிங் கார்டு ஒன்று விநாடிக்கு 20 லட்சத்துக்குமேல் முயலும்.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். நம் ஊரில் மிகப் பிரபலமான வைஃபை பாஸ்வேர்ட் சொந்த மொபைல் எண். 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கம், மொத்தம் 400 கோடி. அந்தக் கார்டுக்கு அரை மணி நேரமும் சில நிமிடங்களும். மகள் பிறந்த தேதி 8 இலக்கத்தில் என்றால், நூறு ஆண்டுகளின் அத்தனை தேதிகளும் 37,000-க்குள் அடங்கிவிடும். ஒரு விநாடிகூட ஆகாது. ஸ்டிக்கரில் வருவது 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையிலான 8 எழுத்து என்றால் 429 கோடி, அதுவும் மொபைல் எண் போலத்தான். பெயருக்குப் பின்னால் '@123' போடுவது அகராதித் தாக்குதலில், அதாவது வழக்கமான பாஸ்வேர்டுகளின் பட்டியலை வைத்து முயல்வதில், முதல் வரிசை.

மாறாக, 5,000 சாதாரணச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 4 சொற்களை எடுத்தால் அதே கார்டுக்குச் சுமார் 10 ஆண்டு. 5 சொற்கள் எடுத்தால் சுமார் 50,000 ஆண்டு. ஆக ஐந்து சொற்கள். மனதில் தோன்றிய சொற்களை வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. 'அம்மா அப்பா முருகா' என்றுதான் மனது போகும். ஓர் அகராதியை எடுத்து, போனில் ரேண்டம் எண் போட்டு, அந்தப் பக்கத்தில் கண்ணில் படும் எளிய சொல்லை எடுங்கள்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதலாமா? தாராளமாக. ஆனால் ஒரே சொல்லை வீட்டில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். ழகரம் வரும் சொல், நெடில் வரும் சொல், தகரத்துக்கு எச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழப்பும் சொல் எல்லாம் வேண்டாம். 'மிளகு', 'கரண்டி', 'கொக்கு' மாதிரி அடித்தால் ஒரே மாதிரி வருவதாகப் பாருங்கள். அப்படியே தமிழ் எழுத்தில் வைக்க முடியுமா என்றால் முடியாது. பாஸ்வேர்ட் 8 முதல் 63 வரை ஆங்கில விசைப்பலகைக் குறிகளாகத்தான் இருக்க வேண்டும். இடைவெளி, மேற்கோள்குறி, பெரிய எழுத்து சேர்ப்பதால் பாதுகாப்பு கொஞ்சம்தான் கூடும். தொல்லை நிறையக் கூடும். சில ஸ்மார்ட் பிளக் ஆப்கள் இடைவெளியைக் கண்டால் தடுமாறும். டிவி ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி டைப் அடித்தவர்களுக்கு எல்லாம் சின்ன எழுத்து என்பதன் அருமை தெரியும்.

பெயருக்கு வருவோம். வைஃபை பெயரைத் தமிழில் வைக்கலாம், ஆனால் இடம் 32 பைட்தான். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. 'முருகன் இல்லம்' என்பது 40 பைட் ஆகிவிடும். ரூட்டர் ஏற்காது, அல்லது பாதியில் வெட்டிவிடும். பெயரில் வீட்டு எண், குடும்பப் பெயர் வேண்டாம். கம்பெனி வைத்த பெயரையும் அப்படியே விடாதீர்கள். மேலே சொன்ன 4,096 முறை கலக்கும் கணக்கில் பாஸ்வேர்டோடு சேர்க்கப்படும் 'உப்பு' இந்தப் பெயர்தான். எல்லோரும் வைக்கும் பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட பட்டியல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மாற்றும் வரிசை

வைஃபையில் இருந்துகொண்டே வைஃபையை மாற்றினால், சேமி என்று அழுத்திய நொடியில் நீங்களே வெளியே. லேன் கேபிளைச் செருகிக்கொண்டு செய்யுங்கள். வரிசை இது: முதலில் நிர்வாகப் பாஸ்வேர்ட் (வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு, இரண்டையும் ஒன்றாக வைத்தால் வைஃபை தெரிந்த எல்லோரும் ரூட்டருக்கே முதலாளி). பிறகு டபிள்யூபிஎஸ், ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியே இணையத்திலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதி) இரண்டையும் அணைப்பது. பிறகுதான் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும்.

பெயரையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பெயரோடு புதுப் பாஸ்வேர்ட் வைத்தால் போன்கள் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அனுப்பி 'அங்கீகாரச் சிக்கல்' என்று முறைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றிலும் 'ஃபர்கெட்' கொடுக்க வேண்டிவரும்.

பத்துப் பதினைந்து ஸ்மார்ட் கருவிகள் உள்ள வீட்டில் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது தலைவலி. அதற்கு ஒரு குறுக்குவழி: பிரதான வைஃபைக்குப் புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டு, பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே கெஸ்ட் வைஃபைக்குத் தூக்கிப் போடுங்கள். பிளக்கும் பல்பும் ஒன்றும் தெரியாமல் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய சாவி வைத்திருக்கும் வெளியாட்களும் அதில் வருவார்கள்தான், ஆனால் உங்கள் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொரு கருவியாக மாற்றி, இரண்டு வாரத்துக்குள் கெஸ்ட் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

கெஸ்ட் வைஃபை

சாவி எத்தனை நகல் போனாலும் கவலையில்லை என்ற நிலை இங்கேதான் கிடைக்கிறது. வீட்டார் போன், லேப்டாப் மட்டும் பிரதான வைஃபையில். உறவினர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், வாடகைக்கு இருப்பவர், ஸ்மார்ட் பிளக், ஏசி, வாஷிங் மெஷின் எல்லாம் கெஸ்டில். கெஸ்ட் பாஸ்வேர்ட் எளிமையாகவே இருக்கட்டும், ஆனால் மொபைல் எண் வேண்டாம். ஒவ்வொரு பண்டிகைக் கூட்டமும் கலைந்த பிறகு மாற்றலாம். 'பாஸ்வேர்ட் என்ன தம்பி?' என்று கேட்கும் மாமாவிடம் இல்லை என்று சொல்லவும் வேண்டியதில்லை.

அமைக்கும்போது இரண்டு டிக் உண்டு: கெஸ்டுகள் ஒருவரையொருவர் பார்க்கலாமா, கெஸ்டுகள் உள் நெட்வொர்க்கை அணுகலாமா. இரண்டையும் எடுத்துவிடுங்கள். இதனால் கெஸ்டில் உள்ள போனிலிருந்து டிவிக்குக் காஸ்ட் செய்யவோ பிரிண்ட் கொடுக்கவோ முடியாது. டிவியைப் பிரதான வைஃபையில் வைப்பதா கெஸ்டில் வைப்பதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். தினமும் காஸ்ட் செய்கிறவர்கள் பிரதானத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஆப் மட்டும் பார்க்கிறவர்கள் கெஸ்டுக்குத் தள்ளுங்கள். மலிவான ஸ்மார்ட் பிளக் பலவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும், ஆகவே கெஸ்டில் 2.4 கட்டாயம்.

இதில் ஒரு பொறி. உங்கள் சொந்த ரூட்டர், கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால் 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் (தனி நெட்வொர்க் அமைக்காமல், அந்தப் பெட்டியின் நெட்வொர்க்கையே வைஃபையாகப் பரப்பும் முறை) ஓடினால், பல மாடல்களில் கெஸ்ட் என்பது பெயரளவுக்குத்தான். சோதிப்பது எளிது: கெஸ்டில் இணைந்த போனின் பிரவுசரில் பிரிண்டர் அல்லது டிவிஆரின் ஐபி முகவரியையும், பிறகு கம்பெனிப் பெட்டியின் முகவரியையும் தட்டுங்கள். பக்கம் திறந்தால் தடுப்பு இல்லை. ரூட்டரை 'ரூட்டர்' முறைக்கு மாற்றி, பிரிண்டரையும் டிவிஆரையும் அதன் பின்னால் இணைத்து மறுபடி சோதியுங்கள்.

வீண் வேலைகள்

வைஃபை பெயரை மறைப்பது பயனில்லை. மறைந்த பெயரைத் தேடி உங்கள் போன் போகுமிடமெல்லாம், பேருந்து நிலையத்தில்கூட, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் மேக் ஃபில்டரும் அப்படித்தான். அனுமதி பெற்ற முகவரி காற்றில் திறந்தே பறக்கிறது, அதை நகலெடுக்க ஒரு கட்டளை போதும். போதாததற்கு, போன் தன் பொய் முகவரியை மாற்றினால் வீட்டாரே வெளியே நிற்பார்கள். பட்டியலில் வெளியாளைப் 'பிளாக்' செய்வதும் இதே வகை. வேறு முகவரியோடு திரும்ப வருவார். பாஸ்வேர்டை மாற்றினால்தான் உண்மையில் வெளியேற்றியதாக அர்த்தம்.

ரூட்டருக்குள் டிஎன்எஸ் முகவரியை (இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வரின் முகவரி) ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 'தானாகப் பெறு' என்றோ நீங்களே வைத்ததாகவோ இருக்க வேண்டும். முன்பின் தெரியாத எண் இருந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். சிசிடிவி வைத்தவர் போட்டுவிட்டுப் போன போர்ட் ஃபார்வர்டிங் விதிகளையும் (வெளியிலிருந்து நேரே உள்ளே வர வழிவிடுபவை) நீக்குங்கள். இப்போதைய கேமரா ஆப்களுக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. ஃபர்ம்வேர் (ரூட்டரை இயக்கும் உள் மென்பொருள்) புதுப்பிப்பு தானாக நடக்கும்படி வையுங்கள். 2018 மே மாதம் தெரியவந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரூட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் உட்கார்ந்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை பழைய ஃபர்ம்வேரோடு கிடந்த வீட்டு, சிறு அலுவலகப் பெட்டிகள்.

டெக்னீஷியன் வந்துபோன பிறகு

லைன் வரவில்லை என்று கூப்பிட்டால் வருபவர் செய்யும் முதல் வேலை, பின்னால் உள்ள ஊசித் துளையில் பத்து விநாடி குத்துவது. நெட் வந்துவிடும். கூடவே டபிள்யூபிஎஸ்ஸும், ஸ்டிக்கர் பாஸ்வேர்டும், நீங்கள் அணைத்து வைத்த கம்பெனிப் பெட்டியின் வைஃபையும் திரும்ப வந்துவிடும். ரூட்டர் அமைப்புகளை 'பேக்கப்' எடுத்து லேப்டாப்பில் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் மீட்கலாம். அவர் கிளம்பும் முன் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து ஒருமுறை பாருங்கள். தெரிந்த பழைய கம்பெனிப் பெயர் எட்டிப் பார்த்தால், வேலை மறுபடி இருக்கிறது.

பழைய ரூட்டரைக் காயலான் கடையில் போடும் முன் அதே ஊசித் துளையை நீங்களே குத்துங்கள். அதற்குள் வைஃபை பாஸ்வேர்ட் மட்டும் இல்லை. சில இணைப்புகளில் இணைப்பைத் திறக்கக் கம்பெனி கொடுத்த பிபிபிஓஇ பயனர் பெயரும் அதன் பாஸ்வேர்டும் இருக்கும். விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரியும்வரை பிடித்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாமல் குத்தினால் ஒன்றும் அழியாது.